செடிகளுக்கு அவ்வளவு காலம் வேண்டாம்
புது இனம் உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று பொதுவாகச் சொல்வது விலங்குகளுக்குப் பெரும்பாலும் சரி. செடிகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன டிராகோபோகன் செடிகளையே பாருங்கள் (சூரியகாந்திக் குடும்பம்தான்). அங்கே இரண்டு இனங்கள் கலந்து பிறந்த செடி மலடு. தாயிடம் 6, தந்தையிடம் 6 என வந்த குரோமோசோம்களுக்கு (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) சரியான ஜோடி இல்லை. எப்போதோ அந்த 12 இரட்டித்து 24 ஆனது. அவ்வளவுதான், ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்து விதை பிடித்துவிட்டது! வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களில் இப்படி உருவான இரண்டு புது இனங்களை 1950இல் பதிவு செய்தார்கள். அப்புறம் இன்னொரு வேடிக்கை: ஒரே இனம் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியாகப் பலமுறை பிறந்திருக்கிறது. அந்த இரண்டு புது இனங்களில் ஒன்றில், எந்த இனம் தாய் என்பதைப் பொறுத்துப் பூவிதழ் நீளமாகவோ குட்டையாகவோ இருக்கும்.