தீவனத்தை மாற்றுங்கள், மீனின் குடலையும் பாருங்கள்

மீன் பண்ணைக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது இதுதான் பேச்சு, தீவனத்தில் மீனைக் காயவைத்து அரைத்த மீன்தூளைக் குறைக்க வேண்டும், கடலைக் காப்பாற்ற வேண்டும். நானும் அந்தக் கட்சிதான். இராமேஸ்வரம் பக்கம் இழுவைமடியில் ஏறும் சங்காயம் என்கிற கழிசல் மீனைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விரல் நீளம்கூட வளராத மீன்குஞ்சு, காரல், நண்டுக்குஞ்சு எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும், காய்ந்து மூட்டையாகிக் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகும். கடலிலேயே விட்டிருந்தால் அதில் ஒரு பகுதியாவது வளர்ந்து நம் சாப்பாட்டுக்கே வந்திருக்கும்.

கொடுவா வளர்க்கிறவர்களில் பலர் இந்தக் கழிசல் மீனைப் பச்சையாகவே வெட்டிப் போடுகிறார்கள். ஒரு கிலோ கொடுவா தேறுவதற்குள் ஐந்து கிலோவுக்கு மேல் உள்ளே போய்விடும். தின்னாமல் விட்ட துண்டு அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், வெளிக்கிருமியும் அதோடு சேர்ந்து வரும், அப்புறம் பச்சைச் சாளையிலும் நெத்திலியிலும் இருக்கும் ஒரு நொதி தீவனத்தில் உள்ள வைட்டமின் பி1-ஐயே அழித்துவிடும். மலிவு மலிவு என்கிறார்களே, இதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

ஆக மாற்றித்தான் ஆக வேண்டும். என் கோபமெல்லாம் வேறு. பதிலுக்கு என்ன போட்டோம், எவ்வளவு பணம் மிச்சம், எடை எவ்வளவு ஏறியது, இதோடு கணக்கை மூடிவிடுகிறோம். அந்தத் தீவனத்தைத் தின்ற மீன் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லை.

நார்வேயின் சால்மன் பண்ணைகளைப் பாருங்கள். 1990-இல் அங்கே தீவனத்தில் சுமார் 90 சதவீதம் கடலிலிருந்து வந்தது, 2013-இல் அது 30 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. பெரிய சாதனைதான். ஆனால் சால்மன் இரை பிடித்துத் தின்னும் மீன். சாதாரண சோயா புண்ணாக்கைத் தாராளமாகக் கலந்தால் அதன் குடலின் பின்பகுதி அழற்சியாகிவிடும். நல்ல குடலின் உள்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும், சத்தை உறிஞ்சுவதே அந்த மடிப்புகள்தான். சோயா ஒத்துக்கொள்ளாத மீனை அறுத்துப் பார்த்தால் அவை குட்டையாகித் தடித்துக் கிடக்கும். சோயாவில் இயற்கையாகவே இருக்கும் சப்போனின் என்ற பொருள்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. அதையெல்லாம் நீக்கிய சோயா புரதத்துக்கு மாறிய பிறகுதான் சோயாவை நம்பிப் போட முடிந்தது.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. 1990-களில் மாட்டின் மூளையைத் தாக்கும் 'மேட் கவ்' நோய் பயத்தில் ஐரோப்பாவில் சால்மன் தீவனத்திலிருந்து, கால்நடை ரத்தத்தைக் காயவைத்துச் செய்யும் ரத்தத்தூளை எடுத்துவிட்டார்கள். நியாயமான முடிவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னாலேயே பண்ணை மீன்களுக்குக் கண்புரை வந்தது. ரத்தத்தூளோடு சேர்ந்து ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமும் குறைந்துபோயிருந்தது, கண் லென்ஸ் தெளிவாக இருக்க சால்மனுக்கு அது கட்டாயம் வேண்டும். கண்ணால் பார்த்து இரையைப் பிடிக்கிற ஜீவன், கண்ணில் வெள்ளை படர்ந்து கூண்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

நம் ரோகு, கட்லாவுக்குத் தவிடும் புண்ணாக்கும் ஒத்துக்கொள்ளும், அதுவரைக்கும் சரி. ஆனால் ஈரம் ஏறிய கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வரும், நேராக ஈரலில் கை வைக்கும். அமெரிக்காவில் 1960-இல் பண்ணை டிரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்றுநோய் வந்ததற்குப் பூஞ்சை பிடித்த பருத்திவிதைப் புண்ணாக்குதான் காரணம்.

மீன்தூளுக்குப் பதிலாகப் போடும் பிளாக் சோல்ஜர் என்ற ஈயின் புழுமேல் எனக்கு நிறைய நம்பிக்கை இருக்கிறது. காய்கறிக் கழிவில் வளரும், நல்ல புரதம், ஐரோப்பிய ஒன்றியமே 2017-இல் மீன் தீவனத்துக்கு அனுமதித்துவிட்டது. ஆனால் கடல் மீனுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அதில் இல்லாததுபோலத்தான். பாசி எண்ணெயோ வேறெதுவோ சேர்த்தாக வேண்டும். அதைச் சொல்லாமல் 'பசுமைத் தீவனம்' என்று மூட்டையில் அச்சடித்து விற்றால் நஷ்டம் பண்ணைக்காரருக்கு, வலி மீனுக்கு.

புதுத் தீவனம் வாங்குகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். விற்க வருகிறவரிடம் எடைக் கணக்கோடு குடல், ஈரல், கண் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு மூன்று மீனை அறுத்து ஈரல் வெளுத்திருக்கிறதா, குடல் வீங்கியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சந்தேகம் வந்தால் மீன்வளக் கல்லூரிக்கோ சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்துக்கோ மாதிரியை எடுத்துப் போங்கள்.