உடனே கிளம்பிவிட முடியுமா?

இழப்பில் இருப்பவர்கள் சமூக சேவையில் இறங்கினால் மனம் ஆறும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் ஏதோ மாத்திரை போட்டதும் காய்ச்சல் இறங்குவதுபோல எழுதியிருப்பதுதான் இடிக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை புற்றுநோயில் இறந்தது 1923-இல். அவர் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது 1954-இல், வெறும் 12 படுக்கைகளோடு. நடுவில் 31 வருடம்! அதற்குள் சட்டமன்றம், தேவதாசி ஒழிப்புக்கான போராட்டம், 1930-இல் ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் என்று எவ்வளவோ வேலைகள். புற்றுநோய் வந்தால் சாவுதானே, தனி மருத்துவமனை எதற்கு என்று அரசு வட்டாரத்திலேயே நினைத்த காலம் அது. நிதி திரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகியிருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் "ஏதாவது சேவை செய்யேன்" என்று உபதேசம் செய்யும் உறவினர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். (எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.)

எங்கள் தெருவில் மகனைப் பறிகொடுத்த அக்கா ஒருவர், அரசு மருத்துவமனையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காப்பீட்டுப் படிவம் நிரப்பித் தருகிறார். ரேஷன் அட்டை நகல் இல்லாமல் வந்தால் திட்டுவார். அப்புறம் அவரே போய் ஜெராக்ஸ் எடுத்து வருவார். சேவை என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். "வீட்டுல உக்கார முடியல, அதான் வர்றேன்" என்பார்.