பொம்மை என்று ரேடியோவில் சொன்ன பிறகும் சுட்டார்கள்

அமெரிக்காவில் போலீஸ் ஒரு மாற்றுத்திறனாளியைச் சுட்டால், விசாரணை ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: சுட்ட நொடியில் அந்தக் காவலர் மனதில் என்ன இருந்தது? கேள்வியை அந்த ஒரு நொடிக்குள் சுருக்கியதுமே வழக்கு பாதி தோற்றுவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. தப்பு நடந்தது அதற்கு முந்தைய நிமிடங்களில். புளோரிடாவின் நார்த் மயாமியில் 2016-இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். வீடியோ, ரேடியோ பதிவு, சக காவலர்களின் சாட்சியம் என எல்லாமே இருந்த வழக்கு அது.

ஜூலை 18. பராமரிப்பு இல்லத்திலிருந்து வெளியே வந்துவிட்ட, ஆட்டிசம் உள்ள 26 வயது இளைஞர் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் வெள்ளி நிறப் பொம்மை லாரி. அவரைக் கூட்டிப்போக வந்தவர் இல்லத்தின் ஊழியர் சார்ல்ஸ் கின்சி. துப்பாக்கிகள் நீண்டதும் கின்சி மல்லாந்து படுத்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "அவன்கிட்ட இருக்கிறது பொம்மை லாரி" என்று கத்துகிறார். ஏறத்தாழ 150 அடி தள்ளி நின்ற காவலர் ஜோனதன் அலேடா ரைஃபிளால் மூன்று முறை சுட்டார். ஒரு குண்டு கின்சியின் காலில் பாய்ந்தது. அடிபட்டுக் கிடந்தவருக்கே விலங்கும் மாட்டினார்கள்.

கின்சியைக் குறிவைக்கவில்லை, பக்கத்தில் இருந்தவரைத்தான் குறிவைத்தேன் என்பது அலேடா தரப்பின் விளக்கம். அதாவது, பொம்மையோடு உட்கார்ந்திருந்த ஆட்டிசம் உள்ள இளைஞரை! இதை ஒரு சமாதானமாக வெளியில் சொல்ல முடிந்ததே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இனி தகவல் எப்படிக் கைமாறியது என்று பாருங்கள். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தவர், துப்பாக்கி மாதிரி ஏதோ ஒன்றைத் தலையில் வைத்திருக்கிறார், ஆனால் அது துப்பாக்கிதானா என்று தெரியவில்லை என்றார். பின்னால் போலீஸ் தலைமை கொடுத்த விளக்கத்தில் அது 'ஆயுதம் வைத்திருக்கும் ஆண், தற்கொலை மிரட்டல்' என்று ஆகியிருந்தது. 'தெரியவில்லை' என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. சம்பவ இடத்தில் இருந்த இன்னொரு காவலர், பொம்மை போலத் தெரிகிறது என்று ரேடியோவில் சொன்னார். சுமார் 20 அடி தூரத்தில் நின்றவர்களுக்குக் கின்சி கத்தியதும் கேட்டது. சுட்டவரோ, எதையும் சரியாகப் பார்க்கவோ கேட்கவோ முடியாத தூரத்தில் நின்றவர்.

இதை ஒரு தனிமனிதரின் பதற்றம் என்று மூடிவிடக் கூடாது. ஒரே அலைவரிசையில் பலர் பேசுவார்கள், சைரன் அலறும், ரைஃபிள் குறியில் கண்ணை வைத்தவருக்குக் காது பாதி அடைத்துப்போகும். முதலில் விழுந்த 'துப்பாக்கி' என்ற சொல் மனதில் ஊன்றிக்கொண்டால், பின்னால் வரும் திருத்தம் ஏறாது. அதனால்தான், ஆயுதம் பற்றிய திருத்தம் வந்தால் துப்பாக்கி நீட்டியிருக்கும் ஒவ்வொருவரும் அதைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும் என்று விதி வேண்டும் என்கிறேன். விதி இருந்தால்தானே மீறினார் என்று காட்ட முடியும்.

இப்போது பொறுப்புக்கூறலுக்கு வருவோம். 2017 ஏப்ரலில் அலேடா மீது குற்றச்சாட்டு. 2019 மார்ச்சில் முதல் ஜூரி பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. ஜூனில் இரண்டாவது ஜூரி, திட்டமிடாத கொலைக்கு முயன்றார் என்ற குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்து, அலட்சியம் என்ற சிறு குற்றத்தை மட்டும் உறுதி செய்தது. ஓர் ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 100 மணி நேரச் சமூக சேவை, 2,500 சொற்களில் ஒரு கட்டுரை. சிறை இல்லை. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. காரணம், அவருடைய ஸ்வாட் (போலீஸின் சிறப்பு ஆயுதப் படை) பயிற்சி பற்றிய சாட்சியத்தை விசாரணை நீதிமன்றம் ஏற்காமல் விட்டது தவறு என்பது. சட்டப்படி அதில் நியாயம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பை முழுதாக வைக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். காவலரைக் கட்டுப்படுத்த வேண்டிய பயிற்சி, நீதிமன்றத்தில் அவருக்கே கேடயமாகிறது.

கேள்வியை ஒரு நொடிக்குள் சுருக்கும் இந்தப் பழக்கத்தின் வேர், 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பு. சம்பவ இடத்தில் நிற்கும் நியாயமான ஒரு காவலரின் பார்வையிலிருந்துதான் எடைபோட வேண்டும், பின்னறிவோடு பார்க்கக் கூடாது என்றது அது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 1990-இலேயே வந்துவிட்டது. ஆனால் கைது செய்யும்போதே ஊனத்துக்கேற்ப நடந்துகொள்ளும் கடமை போலீசுக்கு உண்டா என்பதை 2015-இல் சான் பிரான்சிஸ்கோ எதிர் ஷீஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்க்காமலே விட்டது. காவலர்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு மட்டும் கிடைத்தது.

2017-இல் ஓக்லஹோமா சிட்டியில் காது கேளாத மக்டியல் சாஞ்செஸ் கொல்லப்பட்டார். கையில் உலோகக் குழாய் இருந்தது உண்மைதான். "அவருக்குக் காது கேட்காது" என்று அக்கம்பக்கத்தார் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு காவலர் டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவியையும் இன்னொருவர் துப்பாக்கியையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இயக்கினர். யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை.

பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். மனநல நெருக்கடியில் இருப்பவரைப் போலீஸ் எப்படி அணுக வேண்டும் என்று கற்றுத்தரும், 1988-இல் மெம்பிஸில் தொடங்கிய நெருக்கடித் தலையீட்டுப் பயிற்சி 40 மணி நேரம். நல்ல திட்டம். ஆனால் பல ஊர்களில் அந்த 40 மணி நேரத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, 911 அழைப்பை எடுப்பவருக்கான பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். நார்த் மயாமியில் தகவல் சிதையத் தொடங்கியது அழைப்பிலிருந்துதானே.

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் நம் ஆட்களுக்கு ஒன்று. 911-ஐ அழைக்க நேர்ந்தால் முதல் வாக்கியமே "கையில் ஆயுதம் இல்லை" என்பதாக இருக்கட்டும். அடுத்து ஊனம் என்ன, கட்டளைக்கு ஏன் பதில் வராது, தொட்டால் என்ன ஆகும். கையில் பொருள் ஏதாவது இருந்தால் அதன் பெயரையே சொல்லுங்கள். 'ஏதோ வைத்திருக்கிறான்' என்று விடாதீர்கள். நெருக்கடிப் பயிற்சி பெற்ற காவலரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீட்டு முகவரியோடு இந்த விவரத்தை முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதி உங்கள் கவுண்டியில் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். மனநல நெருக்கடி என்றால் 2022 முதல் 988 எண் இருக்கிறது.

ஆனாலும் இந்தப் பாரத்தைக் குடும்பங்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு நகர்வதை நான் ஏற்க மாட்டேன். கின்சி செய்ததைவிட ஒரு மனிதர் வேறென்ன செய்திருக்க முடியும்? நகராட்சிகள் தங்கள் விதிப்புத்தகத்தில் எழுத வேண்டியவை இவை: பயிற்சி பெற்றவர் வரும்வரை தூரமும் மறைவும் எடுத்துக் காத்திருப்பது கட்டாயம், ஒருவர் பேச, மற்றவர்கள் வாய்மூடி நிற்பது கட்டாயம், சூடு நடந்தால் அழைப்பு வந்த நிமிடத்திலிருந்து ஒவ்வொரு முடிவையும் யார் எடுத்தார் என்று துறை விசாரணை அறிக்கை பதிய வேண்டும், அந்த அறிக்கை பொதுவில் வர வேண்டும். குற்ற வழக்கு தோற்றாலும் வேலையை விட்டு நீக்க அந்த அறிக்கை போதும் என்றிருக்க வேண்டும். சுடப்பட்டவருக்கு என்ன ஊனம் என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். எஃப்பிஐ 2019-இல் தொடங்கிய பலப்பிரயோகத் தரவுத் திரட்டில் சேர்வதுகூடக் காவல் துறைகளின் விருப்பம்தான் என்று விட்டிருக்கிறார்கள். அதைக் கட்டாயமாக்கச் சொல்லி உங்கள் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.