ஸஹ்ரானைப் பற்றிக் கேட்கவே கூடாதா?

வெள்ளிக்கிழமை உட்துறைமுக வீதிக் கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். "ஸஹ்ரான் ஏன் அப்படி ஆனான்?" என்று கேட்ட தம்பியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்கள். அதோடு விடவில்லை. பயங்கரவாதிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று அவனுடைய படத்தைப் போட்டு எழுதுகிறார்கள். படிக்கிற பிள்ளை அவன். அவனைத் திட்டி எழுதுபவர்களில் பாதிப் பேர் நம்மட முஸ்லிம் ஆட்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தத் தம்பி கேட்டது கேட்கவேண்டிய கேள்வி. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான், எங்கிருந்தோ வந்து இறங்கியவன் இல்லை. நம் கிழக்கு மாகாணத்துக்காரன். நம் மொழியில் மார்க்கப் பயான் செய்தவன். அவனைப் பற்றி நாம் கேட்காமல் யார் கேட்பது?

"அளுத்கமவும் திகனையும்தான் அவனை உருவாக்கின" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. 2014இல் அளுத்கமவிலும் 2018இல் திகனையிலும் சிங்களக் கும்பல்கள் எரித்த முஸ்லிம் வீடுகளை நான் மறக்கவில்லை. அந்தக் காயத்தைக் காட்டி அவன் ஆள் சேர்த்ததும் உண்மை. ஆனால் 2017 மார்ச்சில், திகனைக்கு ஒரு வருடம் முன்னால், காத்தான்குடியில் அவனுடைய ஆட்கள் வாளோடு போனது யாருக்கு எதிராக? சூபி முஸ்லிம்களுக்கு எதிராக. அவன் முதலில் காபிர், மார்க்கத்தை மறுப்பவர்கள் என்று சொன்னதே தொழுகிற மனிதர்களைத்தான். அந்த மோதலுக்குப் பிறகுதான் பிடியாணை வந்தது, அவன் தலைமறைவானான்.

வறுமை என்பார்கள். அவன் வறிய வீட்டுப் பிள்ளைதான். ஆனால் ஷங்ரி லா ஹோட்டலில் அவனோடு சேர்ந்து வெடித்தவன் கொழும்பின் பெரிய மசாலாச் சரக்கு வியாபாரியின் மகன். அவனுக்கு என்ன வறுமை?

எனக்குத் தெரிவது வேறு. ஓதிய மத்ரஸாவிலிருந்து வெளியேற்றப்பட்டவன், சேர்ந்த இடத்திலும் நிலைக்காதவன், கடைசியில் தானே ஒரு ஜமாஅத்தை, தனி இயக்கத்தை, தொடங்கினான். தனக்கு மேலே ஒருவர் இருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஐஎஸ் என்ற இஸ்லாமிய அரசு இயக்கம் ஒரு மேடை கொடுத்தது. என் சாச்சி வாழ்க்கைப்பட்டது காத்தான்குடியில். ஒலிபெருக்கியில் அவன் பேசத் தொடங்கினால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுவதாகச் சாச்சி சொல்வார். "மார்க்கம் பேசுறவன் இப்படியா மகன் ஏசுவான்?" என்று கேட்பார். பள்ளிக்கூடமே போகாத மனுஷிக்கு விளங்கியிருக்கிறது.

"இதையெல்லாம் ஆராய்வது செத்தவர்களை அவமதிப்பது" என்று எழுதியவருக்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. உங்கள் கோபத்துக்கு முன்னால் நான் குரல் உயர்த்த மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளைக் கொன்றவனை வெறும் பைத்தியக்காரன் என்று சொல்லி மூடினால், அவனை வளரவிட்டவர்கள் எல்லோரும் தப்பிவிடுகிறார்கள்.

புலிகளைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்களுக்கு: 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களைப் புலிகள் சுட்டுக்கொன்றதைப் பற்றி ஒவ்வொரு வருடமும் இதே பக்கத்தில் எழுதுகிறேன். போய்ப் பாருங்கள்.

ஸஹ்ரான் செத்துப்போனான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எங்கள் தலையில்தான். மே மாதம் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் கடைகள் எரிந்தன. குருநாகலில் ஒரு டாக்டர், தாய்மாருக்குத் தெரியாமலே கருத்தடை செய்தார் என்று பழி சுமத்தப்பட்டுச் சிறைக்குப் போனார். கொழும்பில் என் தங்கை தங்கியிருந்த அறையை உடனே காலிபண்ணச் சொன்னார்கள். வாப்பா, ஆயுள் முழுக்கச் சேர்த்த அரபுக் கிதாபுகளைத் துணியில் சுற்றிக் கொல்லையில் புதைத்தார். தேடுதலுக்கு வந்தவர்களுக்கு அப்போது அரபு எழுத்து என்றாலே குற்றம். பெருநாளில் ஆடு அறுக்கும் குர்பானிக் கத்தியை எங்கே வைப்பது என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த வருடக் கடைசியில் பயத்தைச் சொல்லி வாக்குக் கேட்ட கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். அடுத்த வருடம் கொவிட்டில் இறந்த நம் ஜனாஸாக்களை, மண்ணில் அடக்கவேண்டிய உடல்களை, எரித்தார்கள். ஒருவன் ஒரு காலையில் செய்தது, ஒரு நாட்டை இப்படித் திருப்பிவிட்டது. இதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசப் போகிறோம்?

தாக்குதலுக்கு முன்பே, ஏப்ரல் 4இலேயே, இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. இத்தனை பேரின் அலட்சியத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாத நீங்கள், ஒரு பையனின் ஒரு கேள்விக்கு இவ்வளவு கொதிக்கிறீர்கள்.

"உங்கட சமூகம் ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கீழே எழுதப் போகிறவர்களே, சொன்னோம். காத்தான்குடி முஸ்லிம்கள் பொலிசில் முறைப்பாடு செய்தார்கள், அவனுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் அவனுடைய குடும்பத்தார் ஒளிந்திருந்த வீட்டைச் சந்தேகப்பட்டதும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். அதைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். படிக்காமல் எழுதுகிற ஒரு கமெண்டுக்கும் இனி நான் பதில் சொல்லப் போவதில்லை.