வைகாசிப் பௌர்ணமிக்குத் தப்பட்டை அடிக்கலாம்

சென்ற ஆண்டு வைகாசிப் பௌர்ணமி, புத்தர் பிறந்த நாளாகக் கொண்டாடும் மாலை. எங்கள் வளவில் புத்தர் சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். வெளியே பையன்கள் நான்கு பேர் பனையோலையைக் கொளுத்தித் தப்பட்டையைக் காய்ச்சத் தொடங்கினார்கள். பெரியப்பா எழுந்து வெளியே போனார். "புத்தர் வாசலில் இந்தச் சத்தம் ஆகாது. தீயை அணையுங்கள்" என்றார். பையன்கள் எதிர்த்துப் பேசவில்லை. தப்பட்டைகளைத் திண்ணையோரம் சாய்த்துவைத்துவிட்டுக் கலைந்து போனார்கள். ஓராண்டாக அது என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது.

பெரியப்பாவின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பௌர்ணமிதோறும் எட்டுச் சீலம், அதாவது பௌத்தத்தின் எட்டு ஒழுக்க விதிகளைக் காப்பவர் அவர். ஆடல், பாடல், வாத்தியம், கேளிக்கை ஆகியவற்றிலிருந்து விலகியிருப்பதும் அந்தச் சீலங்களில் அடங்கும். தம்மத்தை, அதாவது தம் போதனையை, பாட்டாக இழுத்துப் பாடினால் வரும் ஐந்து கேடுகளை அங்குத்தர நிகாயம் என்னும் பாலி நூலில் புத்தரே சொல்கிறார். பாடுகிறவன் தன் குரலிலேயே மயங்கிப்போவான் என்பதுதான் அதில் முதலாவது. மைக்கைப் பிடித்தால் விட மனமில்லாதவர்களைப் பார்த்திருக்கும் யாருக்கும் அது புரியும்.

அவருடைய இன்னொரு நியாயம் எந்த நூலிலும் இல்லை. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, ஊருக்குள் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் போய்த் தப்பட்டை அடித்தாக வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைவார். காய்ச்சலாகக் கிடந்தாலும் முடியாது என்று சொல்ல முடியாது. அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில், தப்பட்டை அடிக்கும் மெல்லிய சிண்டுக்குச்சி படும் இடத்தில், புளியங்கொட்டை அளவுக்குக் காய்த்துப் போயிருக்கும். சிறுவயதில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அவர் இறந்தபோது, இனி இந்தக் குடும்பத்தில் யாரும் குச்சியைத் தொடக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். எத்தனையோ பேரை முழக்கத்தோடு வழியனுப்பிய மனிதர் சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த மானத்தை நான் மதிக்கிறேன். பௌத்தத்துக்கு நாங்கள் வந்ததே அந்த மானத்தைத் தேடித்தான்.

ஆனாலும் பெரியப்பா, புத்தருடைய சாவு எப்படி நடந்தது? அவருடைய கடைசி நாட்களைச் சொல்லும் மகா பரிநிப்பான சுத்தம் என்னும் பாலி நூலில் இருக்கிறது. அவர் இறந்த குசினாரா ஊரின் மல்லர் குலத்தார் ஊரிலிருந்த வாத்தியங்களையெல்லாம் திரட்டிக்கொண்டு சால மரத் தோப்புக்கு வந்தார்கள். ஆடினார்கள், பாடினார்கள், வாசித்தார்கள், மாலை சூட்டினார்கள். ஆறு நாள். ஏழாம் நாள்தான் உடலை எரியூட்ட எடுத்தார்கள். அதே சுத்தத்தில், உயிர் பிரிவதற்கு முன், வானத்தில் இசை முழங்கியபோது, இது எனக்குச் செய்யும் உண்மையான மரியாதை ஆகாது, தம்மத்தின் வழி நடப்பதே மரியாதை என்று புத்தர் ஆனந்தரிடம் சொல்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நடக்க வேண்டிய வழியைச் சொன்னார். அழுகிறவன் கையிலிருந்த வாத்தியத்தை யாரும் பிடுங்கவில்லை.

ஞானம் பெற்றபின் காசிக்குப் போகும் வழியில், உன் ஆசான் யார் என்று உபகன் என்னும் ஆசீவகத் துறவி கேட்கிறான். குருடாகிக் கிடக்கும் உலகில் சாவாமையின் துந்துபி முரசை அறையப் போகிறேன் என்கிறார் புத்தர். போர் முரசான பேரியின் முழக்கம் தம்ம முழக்கமாக மாறிவிட்டது என்று நான்காம் பாறைக் கல்வெட்டில் அசோகர் பொறித்து வைத்தார். இந்திரசாலக் குகையில் புத்தர் முன் பஞ்சசிகன் என்னும் கந்தர்வன் யாழ் மீட்டிப் பாடியது காதல் பாட்டு. அதையும் கேட்டுவிட்டு, உன் நரம்பின் ஒலியும் பாட்டின் ஒலியும் இசைந்து போகின்றன என்று பாராட்டினாரே!

நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகும் சாலையில் அரச்சலூர். அங்கே நாகமலைக் குகையில் துறவிகளுக்கான கற்படுக்கைகள் இருக்கின்றன. சமணத் துறவிகளுடையவை, பௌத்தத்தோடு சேர்த்துக் குழப்ப மாட்டேன். அந்தப் பாறையில் "த தை தா தை த" என்று தொடங்கும் ஆடல் ஜதியைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். 1,500 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இருக்கிறது. உடைமை எல்லாவற்றையும் விட்டவன் தலைவைத்துப் படுத்த பாறையில் தாளம் இருக்கலாம் என்றால், நம் வாசலில் ஏன் இருக்கக்கூடாது?

அடிமை வேலையாக இருந்தபோது அதை விட்டது சரி. இன்று அந்தப் பையன்களை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, கூலி பேசவில்லை. செருப்புக் காலோடு, தங்கள் புத்தருக்காக, தாங்களாகவே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். உள்ளே திரிசரணமும் (புத்தம், தம்மம், சங்கம் ஆகிய மூன்றையும் சரணடைவது) சீலமும் சொல்லும்போது எந்த வாத்தியமும் வேண்டாம். ராகம் இழுக்காமல் நேராகச் சொல்வோம். சீலம் எடுத்தவர்கள் உள்ளேயே அமர்ந்திருக்கட்டும். மற்றவர்கள் ஊர்வலம் கிளம்பும்போது முன்னால் தப்பட்டை போகட்டும், நம் வளவுக்குள் மட்டும் இல்லாமல் ஊர்த்தெரு வழியாகவும்.

பெரியப்பாவிடம் நேற்று இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அப்பாருவின் தப்பட்டை பரண்மேல் இருக்கிறது, தோல் கிழிந்திருக்கும், வேப்பங்கட்டை கெட்டிருக்காது என்றார். நாளைக்கு ஏணி எடுத்துக்கொண்டு போகிறேன்.