சளி பச்சையானால் ஆன்டிபயாட்டிக் தேவையா?

"மூக்குச்சளி பச்சையாகிவிட்டால் பாக்டீரியா தொற்று உறுதி, உடனே ஆன்டிபயாட்டிக் தொடங்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அந்தப் பச்சை கிருமியின் நிறமல்ல, நம் வெள்ளணுக்கள் தரும் நிறம். தொற்று ஏற்பட்டதும் மூக்குச் சவ்வின் செல்கள் சைட்டோகைன் என்னும் வேதிச் சமிக்ஞைகளை வெளியிடும். ரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர் இடைவெளி கொடுக்க, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திசுவுக்குள் புகும். அவற்றில் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி ஏராளம். இரும்பு கொண்ட ஹீம் பகுதி இருப்பதால் அந்த நொதியே பச்சைதான். நியூட்ரோஃபில்கள் மடிந்து சிதையும்போது அது சளியில் கலக்கிறது. வைரஸ் வந்தாலும் இதேதான் நடக்கும். சாதாரண ஜலதோஷத்தில் முதலில் தண்ணீராக ஓடும் சளி, இரண்டு மூன்று நாளில் கெட்டியாகி மஞ்சளோ பச்சையோ ஆவது வழக்கமான போக்கு. இரவெல்லாம் தேங்கியது காலையில் இன்னும் அடர்த்தியாக வரும். அதைப் பார்த்துத்தான் பலர் மிரள்கிறார்கள்.

வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்கும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவும்தான் மிச்சம்.

நிறத்தைவிட நாள்கணக்கு முக்கியம். 10 நாள் கடந்தும் சிறிதும் குறையாதது, தேறிவந்தபின் மீண்டும் மோசமாவது, தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத காய்ச்சலுடன் முகவலியோ கெட்டிச் சளியோ 3, 4 நாள் தொடர்வது ஆகியவையே பாக்டீரியா சைனஸ் தொற்றைச் சந்தேகிக்க வைப்பவை. அப்போதும் மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மூச்சுத்திணறல், கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வைக் கோளாறு, கழுத்து விறைப்பு இருந்தால் நாளெண்ணிக் காத்திருக்க வேண்டாம்.