காவி கட்டினவரெல்லாம் ஒரே மடத்துக்காரர் இல்லை

நம்ம மாவட்டத்தில் காவி கட்டினவர் யாராக இருந்தாலும் ஒரே பேர்தான், 'சாமியார்'. கன்னியாகுமரிப் படகுத்துறை வரிசையில் நிற்கும் வடநாட்டு சாதுவும், சைவ மடமான ஆதீனத்துத் துறவி தம்பிரானும் நமக்கு ஒன்று. காவியே கட்டாத விவேகானந்த கேந்திரத்து ஊழியர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பாறை நினைவு மண்டபத்தை 1970-இல் எழுப்பி முடித்த ஏக்நாத் ரானடே 1972-இல் தொடங்கியது கேந்திரம். அது தொண்டு இயக்கம், மடம் இல்லை. ராமகிருஷ்ண மடம் வேறு, இது வேறு.

ஒருவர் எந்த வழி என்று தெரிய உடையை விட்டுவிட்டுப் பேரின் வாலைப் பாருங்கள். சங்கரர் மரபில் பட்டங்கள் பத்து: கிரி, புரி, பாரதி, சரஸ்வதி, தீர்த்த, ஆசிரம, வன, ஆரண்ய, பர்வத, சாகர. 'ஆனந்த' என்று முடிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ராமகிருஷ்ணருக்குத் துறவு கொடுத்தவர் தோதாபுரி. அதனால் விவேகானந்தர் வழியினர் 'புரி'கள். பேரோடு சேர்த்து எழுதுவதில்லை, அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர்களும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: புரி பட்டம் ஒடிசாவின் புரி ஊரிலுள்ள சங்கரர் மரபு மடத்துக்கு உரியது இல்லை. மரபுப்படி புரி, பாரதி, சரஸ்வதி மூன்றும் கர்நாடகத்துச் சிருங்கேரி மடத்துக்கு. ஒடிசா புரிக்கு வனமும் ஆரண்யமும். சைவ ஆதீனங்களுக்கு இந்தப் பத்தில் எதுவும் பொருந்தாது. அங்கே தீட்சை சைவ சித்தாந்த வழி.

காவி ஒரே நாளில் கிடைப்பதும் இல்லை. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தவர் முதலில் பிரம்மச்சாரி, வெள்ளை வேட்டி. காவி வர ஒன்பது பத்து வருஷம் ஆகும். துறவு வாங்கும்போது தனக்குத் தானே சிராத்தம் செய்து பிண்டம் வைக்க வேண்டும். பிறகு விரஜா ஹோமம், அதாவது துறவு ஏற்கும்போது செய்யும் தூய்மை வேள்வி. குடுமியும் பூணூலும் போய்விடும். வைணவத் துறவிகளான ஜீயர்கள் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள், கையில் மூன்று கோலைச் சேர்த்துக் கட்டிய முக்கோல் இருக்கும். சன்னியாசியின் உடலை எரிக்காமல் உட்கார்த்திப் புதைப்பது ஏன் என்று கேட்கிறார்கள். அக்கினியைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு துறந்தவருக்குச் சிதை எதற்கு? குழியில் உப்பும் விபூதியும் நிரப்புவார்கள்.

காவிதான் அடையாளம் என்று இன்னும் அடம்பிடிப்பவர்கள் மருத்துவாழ் மலை ஏறிப் பிள்ளைத்தடம் குகையைப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே தவமிருந்த கேரளத்துச் சீர்திருத்தத் துறவி நாராயண குரு நெடுங்காலம் உடுத்தியது வெள்ளை. காவி உடுத்தியது 1918-இல், இலங்கைப் பயணத்தின்போது.